மூச்சைக் குடிக்கும் பாம்பு

1895. கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களிடம் இந்த வருஷத்தைச் சொன்னால் போதும். மேற்கொண்டு விளக்கமே வேண்டாம். பென்னிகுயிக். முல்லைப் பெரியாறு. மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த தண்ணீரை அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்ட வருஷம். அக்டோபர் மாதத்தில் சென்னை மாகாண கவர்னர் வென்லாக் பிரபு வந்து திறந்துவைத்தார். இன்றைக்கும் கூடலூரில் ஆரம்பித்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இரு போகம் நெல் விளைகிறது என்றால், அந்தத் தண்ணீர்தான்.

அதே 1895ல் பிரான்ஸின் லீல் நகரத்தில் ஆல்பர் கால்மெட் என்ற டாக்டர் குதிரைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாம்பு விஷம் ஏற்றிக்கொண்டிருந்தார். விஷத்துக்குப் பழகிய குதிரையின் ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரித்தால், அது பாம்புக்கடிக்கு மருந்து. உலகின் முதல் விஷமுறிவு மருந்து பிறந்தது இப்படித்தான்.

அணைக்கும் இந்தக் குதிரைக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. தண்ணீர் வந்தால் நெல் வரும். நெல் வந்தால் எலி வரும். எலி வந்தால்? அதேதான்.

இந்தியாவில் 2000லிருந்து 2019 வரை பாம்பு கடித்து இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர். வருஷத்துக்கு 58,000 என்று சராசரி சொல்கிறார்கள். பெரும்பாலும் கிராமத்து ஆட்கள். வயலில் நிற்பவர்கள், வரப்பில் நடப்பவர்கள், தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள். யுத்தத்தில் இத்தனை பேர் செத்திருந்தால் புத்தகம் புத்தகமாக எழுதியிருப்போம்.

நம் ஊரில் ஆளைக் கொல்லும் பாம்புகளில் முக்கியமானவை நான்கு. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், நல்லபாம்பு, கட்டுவிரியன். முதல் இரண்டும் ரத்தத்தில் கைவைப்பவை. கடிபட்ட இடம் வீங்கும், ரத்தம் உறையாமல் கசியும், கண்ணாடி விரியன் என்றால் சிறுநீரகமும் போகும். அது தனிக் கதை. இப்போது நாம் பார்க்கப்போவது மற்ற இரண்டை. நரம்புக்காரர்கள்.

அதிலும் கட்டுவிரியன் இருக்கிறதே, அதன் சுபாவமே விசித்திரம். பகலில் சாது. சீண்டினால்கூடச் சுருண்டு தலையை ஒளித்துக்கொள்ளும். ராத்திரிதான் அதன் ஷிப்ட். எலியையும் பிற பாம்புகளையும் தேடி வீட்டுக்குள் வரும். தரையில் படுத்திருப்பவர் தூக்கத்தில் புரண்டால் கடித்துவிட்டுப் போய்விடும். வலிக்காது. வீங்காது. பல்லுக்குறிகூடச் சரியாகத் தெரியாது. கொசு கடித்த மாதிரி சொறிந்துவிட்டு மறுபடி தூங்கிப் போனவர்கள் உண்டு.

விடியற்காலையில் வயிறு வலிக்கும். ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் ஓமத்தண்ணி தருவார்கள். அப்புறம் இமை சொருகும். ‘தூக்கக் கலக்கம், கொஞ்சம் படுத்துக்க’ என்பார்கள். அப்புறம் எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும், கழுத்து நிற்காது. கடைசியில் நெஞ்சு ஏறி இறங்குவது நின்றுவிடும்.

ராஜஸ்தானின் தார் பாலைவனத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. ராத்திரியில் ஒரு பாம்பு வந்து தூங்குகிறவன் நெஞ்சின் மேல் உட்கார்ந்து அவன் மூச்சைக் குடித்துவிட்டுப் போய்விடும். கடிப்பதே இல்லை, குடிப்பதோடு சரி. மூடநம்பிக்கைதான். ஆனால் எவ்வளவு துல்லியமான மூடநம்பிக்கை! காயமில்லாத உடம்பு, நின்றுபோன மூச்சு. அங்கேயும் இருப்பது கட்டுவிரியன் ஜாதிதான். கண்ணால் பார்த்ததை வைத்து அவர்கள் சொன்ன கதை அது.

மூச்சு எப்படி நின்றது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் நூறு வருஷத்துக்கு மேல் ஆனது.

முதல் துப்பு பாம்பிடமிருந்து கிடைக்கவில்லை. தென் அமெரிக்க ஆதிவாசிகள் அம்பு நுனியில் தடவும் க்யூராரே என்ற செடி விஷத்திலிருந்து கிடைத்தது. பிரான்ஸில் கிளாட் பெர்னார் என்ற மேதை 1850களில் அதைத் தவளைக்குக் கொடுத்துப் பார்த்தார். தவளை அசையவில்லை. நரம்பைச் சோதித்தார், உயிரோடு இருக்கிறது. தசையை நேரடியாக மின்சாரத்தால் தொட்டார், துள்ளுகிறது. இரண்டும் நன்றாக இருக்கின்றன, ஆனால் ஒன்றின் பேச்சை ஒன்று கேட்கவில்லை. ஆக, கோளாறு நரம்பிலும் இல்லை, தசையிலும் இல்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தில்.

இதை மனசில் வைத்துக்கொண்டு கல்கத்தாவுக்கு வாருங்கள். ஜோசப் ஃபேரர் என்று ஒரு வெள்ளைக்கார டாக்டர். இந்தியப் பாம்புகள் பற்றி 1872ல் ஒரு பிரம்மாண்டமான புத்தகம் போட்டவர். லண்டனில் லாடர் பிரண்டன் என்ற மருந்தியல்காரரோடு சேர்ந்து நல்லபாம்பு விஷத்தை ஆராய்ந்தார். அவர்கள் சொன்னது: இது க்யூராரே மாதிரியே இருக்கிறது. தசைக்குப் போகும் நரம்பின் முனையைத்தான் அடிக்கிறது. மூச்சு நிற்பதால்தான் சாவு, இதயம் கடைசி வரை அடித்துக்கொண்டிருக்கிறது.

அப்படியென்றால்? மூச்சை நாம் கொடுத்தால்?

செய்து பார்த்தார்கள். விஷம் ஏற்றிய பிராணியின் தொண்டையில் குழாய் வைத்துத் துருத்தியால் காற்றை ஊதினார்கள். இதயம் நிற்கவில்லை. மணிக்கணக்கில் அடித்தது. 1870களின் நடுவிலேயே கல்கத்தாவில் இதற்கென ஒரு கமிஷன் போட்டுப் பரிசோதனைகள் நடத்தி அறிக்கையும் எழுதினார்கள். பிராணிகள் கடைசியில் இறந்துபோயின என்பதால், இது சாவைத் தள்ளிப்போடும், தடுக்காது என்று முடிவுக்கு வந்தார்கள்.

என்னைக் கேட்டால், பாம்புக்கடி வரலாற்றிலேயே மிகவும் வருத்தமான வரி அதுதான். கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறார்கள். எத்தனை மணி நேரம் ஊதவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது. மணிக்கணக்கு போதாது. நாள்கணக்கில் ஊதவேண்டும். ஏன் என்பதற்கு 1963 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நடுவில் கால்மெட்டின் சீரம் வந்துவிட்டது. ஊசி போட்டால் ஆள் பிழைப்பான் என்கிறபோது துருத்தியை யார் நினைப்பார்கள்? ஆனால் அந்த ஊசியிலும் ஒரு சிக்கல். கால்மெட் தன் மருந்து எல்லாப் பாம்புக்கும் கேட்கும் என்று நம்பினார். இந்தியாவில் ஜார்ஜ் லாம்ப் என்ற ராணுவ டாக்டர் உட்கார்ந்து சோதித்துப் பார்த்து, ம்ஹூம், நல்லபாம்புக்கான சீரம் விரியனுக்கு வேலை செய்யாது என்று காட்டினார். அதனால்தான் இன்று நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் மருந்தை நான்கு பாம்புகளின் விஷத்தையும் குதிரைக்கு ஏற்றித் தயாரிக்கிறார்கள். அந்த விஷத்தில் பெரும்பகுதி எங்கிருந்து போகிறது தெரியுமா? சென்னைக்குப் பக்கத்தில், வடநெம்மேலியில், இருளர்கள் 1978ல் ஆரம்பித்த பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்திலிருந்து. ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள். அது தடை செய்யப்பட்டதும் அதே கையால் உயிர் காக்கும் தொழிலுக்கு வந்தார்கள். 2023ல் அவர்களில் இருவருக்கு, வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும், பத்மஸ்ரீ கிடைத்தது.

சரி, 1963க்கு வருவோம். இடம் தைவான். தலைநகர் தைபேயில் தேசிய தைவான் பல்கலைக்கழகம். சென்-யுவான் லீ, சுவான்-சியுங் சாங் என்று இரண்டு பேர். அவர்கள் எடுத்துக்கொண்டது அந்த ஊர் கட்டுவிரியன், நம் கட்டுவிரியனுக்கு ஒன்றுவிட்ட தம்பி. விஞ்ஞானப் பெயர் பங்காரஸ். தெலுங்கு தெரிந்தவர்கள் இந்நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். ஆமாம், பங்காரு. தங்கம். விசாகப்பட்டினத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் இருந்த பேட்ரிக் ரஸ்ஸல் 1796ல் சோழமண்டலக் கரைப் பாம்புகள் பற்றிப் புத்தகம் எழுதியபோது, மஞ்சளும் கறுப்புமாய்ப் பட்டை போட்ட விரியனுக்கு உள்ளூர்க்காரர்கள் சொன்ன பெயரை அப்படியே எழுதிக்கொண்டார். லத்தீன் வால் ஒட்டி அது பங்காரஸ் ஆனது. தைவான்காரர்கள் பிரித்தெடுத்த விஷப் புரதத்துக்கு பங்காரோடாக்ஸின் என்று பெயர் வந்தது. இன்றைக்கு உலகத்தின் எந்த நரம்பியல் பரிசோதனைக்கூடத்துக்குப் போனாலும் ஒரு தெலுங்கு வார்த்தை ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும்.

லீயும் சாங்கும் கண்டது என்ன? ஒரே பாம்பின் விஷத்துக்குள் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு வகை ஆயுதங்கள். ஆல்ஃபா, பீட்டா என்று பெயர் வைத்தார்கள். இரண்டுமே நரம்பும் தசையும் சந்திக்கும் அந்தச் சின்ன இடைவெளியைத்தான் தாக்குகின்றன. ஆனால் எதிரெதிர்க் கரைகளில் நின்றுகொண்டு.

பாடப்புத்தகம் மாதிரி சொன்னால் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். கம்பம் பாஷையிலேயே சொல்கிறேன். நரம்பின் முனை ஒரு கண்மாய் என்று வையுங்கள். அதில் நிற்கும் தண்ணீரின் பெயர் அசிட்டைல்கோலின். எதிரே தசை, அது வயல். மூளையிலிருந்து நரம்பு வழியாக உத்தரவு வந்ததும் கண்மாயின் மதகு திறக்கும், தண்ணீர் பாயும், வயலின் மடைக்குள் நுழையும். இந்த வயல் மடை ஒவ்வொன்றும் ஓர் அயனிக் கதவு. அசிட்டைல்கோலின் தொட்டதும் திறக்கும், சோடியம் உள்ளே பாயும், தசை சுருங்கும். பாய்ந்த தண்ணீர் தேங்கி நிற்கக்கூடாது இல்லையா, அதற்கு வடிகாலும் உண்டு. ஒரு நொதி அசிட்டைல்கோலினை உடனுக்குடன் உடைத்துத் தள்ளிவிடும். கண் சிமிட்டுவது, மூச்சு விடுவது எல்லாமே இந்த நீர்ப்பாசனம்தான்.

ஆல்ஃபா வகை என்ன செய்கிறது? வயல் மடையில் போய் உட்கார்ந்து அடைத்துக்கொள்கிறது. தண்ணீர் வருகிறது, நுழைய வழியில்லை. நல்லபாம்பின் நரம்பு விஷம் பிரதானமாக இந்த வகைதான். கெட்டதிலும் ஒரு நல்லது, கண்மாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் விஷமுறிவு மருந்தோடு நியோஸ்டிக்மின் என்று ஓர் ஊசியும் போடுவார். அது வடிகாலை அடைக்கும் மருந்து. வடிகால் மூடினால் வாய்க்காலில் தண்ணீர் ஏறும், மிச்சமிருக்கும் மடைகள் வழியாக வயலுக்குள் பாயும். சொருகிய இமை அரைமணி நேரத்தில் மேலே போவதைப் பார்க்கலாம்.

பீட்டா அப்படியில்லை. அது நேராகக் கண்மாய்க்குள் இறங்குகிறது. இரண்டு பாகங்கள் சேர்ந்த புரதம் அது. ஒரு பாகம் நரம்பு முனையின் பொட்டாசியம் கதவைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி. இன்னொன்று கரையை அரிக்கும் நொதி. கரை உடைகிறது, இருந்த தண்ணீர் கொட்டித் தீர்கிறது, நரம்பு முனையே சிதைந்துபோகிறது. இப்போது வடிகாலை அடைத்து என்ன பிரயோஜனம்? கண்மாயே காலி. கட்டுவிரியன் கடித்தவருக்கு நியோஸ்டிக்மின் பெரும்பாலும் கைகொடுக்காததற்குக் காரணம் இதுதான். விஷமுறிவு மருந்துக்கும் ஒரு எல்லை உண்டு. ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் விஷத்தை அது பிடிக்கும். ஏற்கெனவே உடைந்த கரையை அதனால் கட்ட முடியாது. அதனால்தான் சீக்கிரம் போடு, சீக்கிரம் போடு என்று அடித்துக்கொள்கிறார்கள்.

ஆனால் உடைந்த கரை தானாகவே வளரும். நரம்பு முனை மறுபடி முளைத்துத் தசையைப் போய்த் தொடும். சில நாட்கள் ஆகும், சிலருக்கு வாரங்கள். அதுவரை யாராவது மூச்சு கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். கல்கத்தா கமிஷன் தவறவிட்டது இந்தக் கணக்கைத்தான்.

நாள்கணக்கில் மூச்சு கொடுப்பது சாத்தியம் என்று உலகத்துக்குக் காட்டியதும் பாம்பு டாக்டர்கள் அல்ல. 1952ல் கோபன்ஹேகனில் போலியோ கொள்ளைநோய். மூச்சுத் தசைகள் செயலிழந்த குழந்தைகள். மெஷின்கள் போதவில்லை. பியோர்ன் இப்சன் என்ற டாக்டர் தொண்டையில் துளையிட்டு, குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தினார். சுமார் 1,500 மாணவர்கள் ஷிப்ட் போட்டு உட்கார்ந்து, மாதக்கணக்கில், ராத்திரி பகலாகப் பையை அமுக்கினார்கள். ஐ.சி.யூ. என்று இன்று நாம் சொல்வதன் பிறந்த வீடு அந்த வார்டுதான்.

விஷம் என்றாலே கதவை அடைப்பதுதானா என்று கேட்டால், இல்லை. திறந்த கதவை மூடவிடாமல் பிடித்துக்கொள்வதும் உண்டு. நம் செந்தேள் அந்த ரகம். டென்மார்க்கின் ஃபாப்ரிஷியஸ் 1798ல் அதற்கு வைத்த பெயர் ‘தமுலஸ்’. தமிழேதான்! பெருமைப்படுவதா கூடாதா என்று தெரியவில்லை. அதன் விஷம் நரம்பின் சோடியம் கதவை மூடவிடாது. நரம்பு ஓயாமல் கத்திக்கொண்டே இருக்கும், அட்ரினலின் கொட்டும், ரத்த அழுத்தம் எகிறும், நுரையீரலில் நீர் கோக்கும். குழந்தைகள் இதயம் தாளாமல் போய்விடுவார்கள். மகாராஷ்டிராவில் மஹாட் என்ற சின்ன ஊரில் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் என்ற டாக்டர், குழந்தைகளின் படுக்கைக்குப் பக்கத்திலேயே ராத்திரி முழுக்க உட்கார்ந்து குறிப்பெடுத்து, பிரஸோசின் என்ற சாதாரண ரத்த அழுத்த மாத்திரை இந்தப் புயலை அடக்கும் என்று 1980களில் கண்டுபிடித்தார். எந்தக் கதவு என்று தெரிந்தால் எந்தச் சாவி என்று தெரிந்துவிடும். அவ்வளவுதான் சூட்சுமம்.

ஆல்ஃபா பங்காரோடாக்ஸினே பிற்பாடு அப்படி ஒரு சாவியானது. அது வயல் மடையை விட்டால் வேறு எதையும் பிடிக்காது, பிடித்தால் லேசில் விடாது. 1970ல் பாரிஸில் ழான்-பியேர் ஷான்ஜ் என்பவர் லீயோடு கைகோத்து, மின்விலாங்கு மீனின் உடம்பிலிருந்து அந்த மடையை இந்தத் தூண்டில் போட்டே பிடித்தார். பிறகு, மயஸ்தீனியா கிராவிஸ் நோயாளிகளின் தசையில் இந்த மடைகள் குறைந்துபோயிருப்பதை இதே விஷத்தை வைத்து எண்ணிக் காட்டினார்கள். அவர்களுக்கும் முதலில் சொருகுவது இமைதான், கவனித்தீர்களா?

லீ பிற்காலத்தில் தைவானின் ஜனநாயகப் போராட்டத்தில் தெருவில் உட்கார்ந்து, கட்சித் தலைவராகவும் ஆனார். பாம்பைவிட ஆபத்தான துறைதான்.

மறுபடி நம் பள்ளத்தாக்குக்கு வருவோம். கட்டுவிரியன் கடித்து முழுக்கச் செயலிழந்து கிடப்பவரைப் பாருங்கள். கண் திறக்காது. விரல் அசையாது. கிள்ளினால் எதிர்வினை இல்லை. இமையைத் தூக்கி டார்ச் அடித்தால் பாவை விரிந்து அப்படியே நிற்கும், சுருங்காது. மூளைச்சாவு என்று நினைக்கத் தோன்றும் எல்லா அடையாளமும் இருக்கும். ஆனால் விஷம் மூளையைத் தொடவே இல்லை. அவருக்குக் காது கேட்கிறது. தலைமாட்டில் பெண்டாட்டி அழுவது கேட்கிறது. ‘இனிமே ஒண்ணும் இல்ல, வீட்டுக்குக் கொண்டு போயிடலாம்’ என்று யாரோ சொல்வதும் கேட்கிறது. இல்லை, இருக்கிறேன் என்று சொல்ல ஒரு தசைகூட மிச்சமில்லை. இந்த நிலையில் இருப்பவரை இறந்துவிட்டதாக முடிவு கட்டாதீர்கள் என்று டாக்டர்களுக்கான வழிகாட்டிகளிலேயே எச்சரிக்கிறார்கள். வென்டிலேட்டரில் இப்படிக் கிடந்து எழுந்து வந்தவர்கள், சுற்றி நின்று யார் என்ன பேசினார்கள் என்று பின்னால் ஒப்பித்திருக்கிறார்கள்.

இந்த நேரத்தைத்தான் நாம் கயிறு கட்டுவதிலும், பிளேடால் கீறுவதிலும், விஷக்கல் வைப்பதிலும், மந்திரிப்பவர் வீட்டுத் திண்ணையிலும் தொலைக்கிறோம். தோட்டத்து மோட்டார் ரூமிலும் திராட்சைப் பந்தலுக்குக் காவலிருக்கும் குடிசையிலும் தரையில் படுப்பவர்களுக்கு ஒரு விஷயம். நேபாளத்தின் தென்கிழக்கில் ஆராய்ந்து 2007ல் எழுதியிருக்கிறார்கள்: கொசுவலைக்குள் படுப்பவர்களைப் பாம்பு கடிப்பது வெகுவாகக் குறைகிறது. வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகினால் போதும். இருப்பதிலேயே மலிவான மருந்து.

பாம்புக்கடியை உலக சுகாதார நிறுவனம் கவனிக்கப்படாத நோய்களின் பட்டியலில் சேர்த்ததே 2017ல்தான். 2030க்குள் சாவுகளைப் பாதியாக்குவது என்று இந்திய அரசு 2024ல் திட்டம் போட்டது. அதே வருஷம் நவம்பரில் தமிழக அரசு, ஒவ்வொரு பாம்புக்கடியையும் ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. 108 ஆம்புலன்ஸ் 2008லிருந்து ஓடுகிறது. ரப்பர் பை அதற்குள்ளும் இருக்கிறது. கோபன்ஹேகன் மாணவர்கள் அமுக்கியதன் பேரன்.

கம்பத்திலிருந்து தேனி சுமார் 40 கிலோமீட்டர். அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும் க.விலக்கு இன்னும் தள்ளி. உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று ஊர் ஊராகத் தாண்டிப் போக எப்படியும் ஒரு மணி நேரம். நிமிஷத்துக்குப் பன்னிரண்டு மூச்சு வீதம், ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அந்தப் பையை 720 தடவை அமுக்கவேண்டும்.